கொற்கையா, கொல்கையா? கிரேக்க ஏடுகளில் ஒரு பாண்டியத் துறைமுகத்தின் பெயர்

ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கையெழுத்துச் சுவடி ஒன்று இருக்கிறது. 'எரித்திரியக் கடல் வழிப்பயணம்' என்ற நூல் இன்று நம் கையில் இருப்பதற்கு அந்தச் சுவடியே காரணம். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்திலிருந்து இந்தியாவுக்கு வாணிகம் செய்த கிரேக்கர் ஒருவர் அதை எழுதினார். செங்கடல் துறைகளில் தொடங்கி மேற்குக் கடற்கரை வழியாகக் குமரிக்கு இறங்கி, அதைச் சுற்றிக் கீழைக் கடலுக்குள் நுழைகிற அந்த நூல், குமரியைத் தாண்டியதும் 'கொல்கோய்' என்ற ஊரைச் சொல்கிறது. அங்கே முத்துக்குளித்தல் நடக்கிறது, தண்டனை பெற்ற கைதிகள் அதில் ஈடுபடுத்தப்படுகிறார்கள், ஊர் பாண்டிய அரசனுக்கு உரியது என்று மூன்று செய்திகளைத் தந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

கொல்கோய் என்பது தாமிரபரணிக் கழிமுகத்துக் கொற்கை என்பதில் இன்று ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த எழுத்துக்கூட்டு ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. தமிழில் றகர மெய் நிற்கும் இடத்தில் கிரேக்கத்தில் லகர மெய் நிற்பது ஏன்? கிரேக்க மாலுமிகளின் காதில் விழுந்தது 'கொல்கை' என்ற ஒலியா? அப்படியானால் ஊரின் பழைய பெயரே கொல்கைதானா? நூற்றைம்பது ஆண்டுகளாகத் திருநெல்வேலி வரலாற்றை எழுதுவோர் இந்தக் கேள்வியைத் தொட்டே வந்திருக்கிறார்கள். பலர் அதற்கு விரைந்து விடை சொல்லியும் இருக்கிறார்கள். ஒரு பழைய எழுத்துக்கூட்டு எதற்குச் சாட்சி சொல்லும், எதற்குச் சொல்லாது என்பதை நிறுத்திப் பார்க்கக் கொற்கையைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் அரிது.

மூன்று ஏடுகள்

மேலை நாட்டுச் சான்றுகளில் இந்தப் பெயர் மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது, மேலே சொன்ன வழிப்பயண நூல். இரண்டாவது, கி.பி. 150 அளவில் அலெக்சாண்டிரியாவில் தாலமி தொகுத்த புவியியல் நூல். கொல்கோய் ஒரு வணிகத்துறை என்றும், அது சோலேன் என்ற ஆற்றின் முகத்தில் இருக்கிறது என்றும் தாலமி எழுதுகிறார். முத்துக்குளித்தல் நடக்கும் அந்த வளைகுடாவுக்கே 'கொல்கிக் வளைகுடா' என்று பெயர் தருகிறார். அந்தக் கரையில் வாழ்வோரைக் 'கரேயோய்' என்று குறிக்கிறார். அது தமிழின் கரையார் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர் கால்டுவெல் கருதினார்.

மூன்றாவது, வியன்னாவின் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ள பியூட்டிங்கர் வரைபடம். ரோமானியப் பேரரசின் சாலைகளைக் காட்டும் பழைய படம் ஒன்றை இடைக்காலத்தில் நீண்ட தோல்சுருளில் படியெடுத்தது அது. அதன் கிழக்கு ஓரத்தில், முசிறி வரையப்பட்டிருக்கும் பகுதியில், இலத்தீனில் 'கொல்கிஸ் இந்தோரும்', அதாவது 'இந்தியரின் கொல்கிஸ்' என்று எழுதியிருக்கிறது. இந்தியரின் என்ற அந்த அடைமொழியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் புதிரின் திறவுகோல் அதில்தான் இருக்கிறது.

கால்டுவெல் சொன்ன விடை

1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல், நூல்களில் படித்த கொல்கோயை நிலத்தில் தேடிப் போனவர். 1870களில் கொற்கையிலும் பழைய காயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். கண்டவற்றை 1877இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் எழுதினார். ஆறு கொண்டுவந்து குவிக்கும் வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போக, துறைமுகமும் ஆற்றுமுகத்தோடு கிழக்கே நகர்ந்தது என்பதை அவர் தெளிவாக விளக்கினார். கொற்கை கரையை இழந்தபின் காயல் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'காயில்' என்று எழுதிய பட்டினம் அதுவே. காயலும் தூர்ந்தபின் தூத்துக்குடி தலையெடுத்தது. இந்த வரிசையை இன்றுவரை ஏற்றுக்கொண்டே வருகிறோம்.

பெயரைப் பற்றியும் அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஊரின் சரியான பழைய வடிவம் கொல்கை, பின்னாளில் ஒலிப்புச் செம்மைக்காக லகரம் றகரமானது, கிரேக்கர் எழுதிவைத்தது அந்தப் பழைய வடிவத்தைத்தான் என்றார். 'கொல்' என்ற வினையையும் 'கை' என்ற பெயரையும் சேர்த்து, படை அல்லது பாசறை என்று பொருளும் சொன்னார். தமிழ்ப் புணர்ச்சியையும் கிரேக்க எழுத்துமுறையையும் ஒருசேர அறிந்தவர் சொன்னது என்பதால் இந்தக் கருத்து வேரூன்றியது. ஊர் வரலாற்று நூல்களில் 'கொல்கை என்பதே கொற்கை ஆயிற்று' என்ற வரி இன்னும் ஐயமின்றி எழுதப்படுகிறது.

இலக்கணம் என்ன சொல்கிறது

கால்டுவெல்லின் ஊகத்துக்கு இலக்கணத்தில் இடமுண்டு. லகர மெய்யில் முடியும் சொல்லுக்குமுன் வல்லினம் வந்தால் லகரம் றகரமாவது தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் வகுத்துச் சொல்லும் விதி. கல்லும் குகையும் சேர்ந்து கற்குகை ஆவதும், பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆவதும் அந்த விதியால்தான். வேற்றுமை அல்லாத இடங்களில் இரண்டு வடிவமும் வரலாம் என்று இலக்கணமே இடம் தருகிறது. மக்கள் பேச்சு இன்னும் தாராளமானது. அகராதியில் கற்கண்டு என்றிருப்பதை நெல்லைக் கடைவீதியில் கல்கண்டு என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். எழுத்தில் புணர்ந்து நின்ற சொல், வாயில் புணராமல் ஒலிப்பது எல்லாக் காலத்திலும் நடப்பதுதான்.

பழைய எழுத்திலும் இதற்கு இணை உண்டு. மதுரைக்கு அருகே மாங்குளம் குகைத்தளங்களில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் நெடுஞ்செழியன் பெயரைச் சுமந்தவை. அங்கே வெள்ளறை என்ற ஊர்ப்பெயர் 'வெள்அறை' என்று பிரித்தே பொறிக்கப்பட்டிருக்கிறது. கடலன் 'கடல்அன்' என்று நிற்கிறது. சொல்லின் உறுப்புகளைப் புணர்த்தாமல் எழுதுவது அன்றைய பாண்டிநாட்டு எழுத்தரின் வழக்கங்களில் ஒன்றாக இருந்திருக்கிறது. ஆகவே 'கொல்கை' என்று ஒலிக்கவோ எழுதவோ பட்ட காலம் ஒன்று இருந்திருக்கக்கூடும் என்பதை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் றகரத்தின் ஒலியையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்று தமிழகத்தில் கொற்கை என்று சொல்லும்போது ரகரத்துக்கு நெருங்கிய ஒலியே எழுகிறது. பழந்தமிழில் வல்லினத்துக்குமுன் நின்ற றகர மெய் அப்படி ஒலிக்கவில்லை. நாநுனி மேற்பல் முரசைத் தொட்டு நின்று வெடிக்கும் ஒலி அது. யாழ்ப்பாணத் தமிழிலும் மலையாளத்திலும் இரட்டித்த றகரத்தில் அந்த ஒலி இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் றகரத்தைக் கிரேக்கர் தங்கள் ரகரத்தால் எழுதினார்கள். முசிறியை 'முசிரிஸ்' ஆக்கியது அப்படித்தான். மெய்யாக நின்று முட்டும் றகரத்துக்கு நேரான எழுத்து அவர்களிடம் இல்லை. ஆகவே லகரத்தைக் கண்டவுடன் அவர்கள் கேட்டது லகரமே என்று முடிவுகட்டுவதற்குமுன், கிரேக்கரின் எழுத்து வழக்கத்தைப் பார்த்தாக வேண்டும்.

கருங்கடலில் இருந்த இன்னொரு கொல்கோய்

கொல்கோய் என்பது கிரேக்கர் புதிதாகக் கேட்ட பெயர் அன்று. கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜார்ஜியா நாட்டில், கொல்கிஸ் என்ற தேசம் இருந்தது. யாசோன் பொன்மயிர் ஆட்டுத்தோலைத் தேடிக் கப்பலேறிச் சென்றதாகக் கிரேக்கப் புராணம் சொல்லும் தேசம் அது. அந்நாட்டு மக்களுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் கொல்கோய். எழுதப் படிக்கத் தெரிந்த எந்தக் கிரேக்கருக்கும் சிறு வயதிலேயே பழகிய பெயர். பாண்டிய நாட்டுத் துறைமுகத்தின் பெயர் அதனோடு ஓர் எழுத்தும் வேறுபடாமல் பொருந்துகிறது. இடைக்கால வரைபடத்தில் 'இந்தியரின்' என்ற அடைமொழி வந்ததன் காரணம் இதனால் விளங்குகிறது. எந்தக் கொல்கிஸ் என்று படிப்பவர் குழம்பக்கூடாது என்பதற்காக ஒருவர் சேர்த்த சொல் அது.

இது தற்செயல் ஒற்றுமை ஆகாது என்பதற்கு எழுத்துகளே சான்று. கிரேக்கத்தில் ககர ஒலிக்கு இரண்டு எழுத்துகள் உண்டு. ஒன்று தமிழ்க் ககரம் போன்ற வெறும் ஒலிக்கு. மற்றது மூச்சுக்காற்று சேர்ந்த ஒலிக்கு. வழிப்பயண நூல் தமிழக ஊர்ப்பெயர்களில் வெறும் ககர எழுத்தையே பயன்படுத்துகிறது. குமரியைக் குறிக்கும் 'கொமர்', சோழநாட்டுக் கரையில் வரும் 'கமரா', 'பொதுகே', மலைநாட்டுக் கரையின் 'பகரே', 'நெல்கிந்தா' எல்லாவற்றிலும் அதுதான். நெல்கிந்தா குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. அங்கேயும் லகர மெய்யை அடுத்துக் ககரம் வருகிறது. எழுதியவர் வெறும் ககரத்தோடு நிறுத்திக்கொண்டார். கொல்கோயில் மட்டும், அதே சேர்க்கையில், மூச்சொலி எழுத்து வந்து நிற்கிறது. கருங்கடல் மக்களின் பெயரில் நிற்பதும் அந்த எழுத்தே.

ஈற்றையும் பாருங்கள். முசிறியும் தொண்டியும் கிரேக்கத்தில் 'இஸ்' ஈறு பெற்று ஒருமைப் பெயர்களாயின. கொற்கைக்கு மட்டும், ஓர் இனத்தின் பெயருக்கு வருவதுபோலப் பன்மை ஈறு வந்திருக்கிறது.  அது கொல்கிஸ் மக்களின் பெயருக்கு உள்ள அதே ஈறு.

இதற்கு எதிராக ஒரு சான்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. தாலமி காவிரியையும் அதன் முகத்துப் பட்டினத்தையும் எழுதும்போது மூச்சொலி எழுத்தால் 'கபேரிஸ்' என்றே தொடங்குகிறார். ஆகவே மூச்சொலி எழுத்து வந்ததை மட்டும் வைத்து வாதத்தை முடிக்க முடியாது. ஆனால் எழுத்து, ஈறு, பின்னாள் அடைமொழி மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது, பழகிய பெயரின் இழுப்பு இங்கே வேலை செய்திருக்கிறது என்று கொள்வதே நேர்மையான முடிவு.

கொற்கை ஆற்றின் கிரேக்கப் பெயரும் இந்த முடிவுக்குத் துணை நிற்கிறது. தமிழர் பொருநை என்றும் தண்பொருநை என்றும் அழைத்த ஆறு, தாலமியிடம் சோலேன் ஆகிவிட்டது. சோலேன் கிரேக்கரின் சொந்தச் சொல். குழாய், வாய்க்கால் என்று பொருள்படும். நீண்ட ஓடுடைய கடற்சிப்பி ஒன்றுக்கும் அதுவே பெயர். சங்கும் சிப்பியும் எடுக்கும் கரையில் அந்தப் பெயர் வந்ததைக் கால்டுவெல்லும் கவனித்திருக்கிறார். ஊருக்கும் ஆற்றுக்கும் தங்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த சொற்களையே கிரேக்கர் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். வாய்வழியாகக் கேட்ட அயல்பெயரைத் தெரிந்த பெயரின் சாயலில் எழுதுவது எல்லா நாட்டாருக்கும் உள்ள வழக்கம்.

போதாததற்கு, முதல் நூற்றாண்டில் எழுதிய நூல் ஏறக்குறைய எண்ணூற்றைம்பது ஆண்டுகள் படியெடுத்துப் படியெடுத்து ஹைடல்பர்க் சுவடிக்கு வந்து சேர்ந்தது. இடையில் இருந்த எழுத்தர்களில் யாரும் தாமிரபரணியைக் கண்டிருக்க மாட்டார்கள். கருங்கடல் கொல்கோயை எல்லோரும் அறிந்திருப்பார்கள். மூலத்தில் வேறு எழுத்து இருந்திருந்தாலும் அவர்கள் கை தெரிந்த பெயரின் பக்கமே சாய்ந்திருக்கும். எனவே கிரேக்க லகரத்தைக் கொண்டு கொற்கையின் வேர்ச்சொல்லைத் தேடுவது உறுதியான அடித்தளம் இல்லாத முயற்சி. 'கொல்' என்பதைக் கொலையோடும் படையோடும் இணைப்பதும், அருகில் உலோகப் பட்டறை என்று பொருள்படும் அக்காசாலை என்ற ஊர் இருப்பதால் கொல்லர் பட்டறையோடு இணைப்பதும் அந்த ஒரே எழுத்தின்மேல் எழுப்பிய மாடங்களே.

பெயர் எதற்குப் பயன்பட்டது

பிறப்பைப் பற்றிச் சொல்லத் தடுமாறும் இந்தப் பழைய எழுத்துக்கூட்டு, வழக்கைப் பற்றிப் பேசும்போது தெளிவாகப் பேசுகிறது. கொல்கோய் என்ற சொல் கிரேக்க நூல்களில் எங்கு வந்தாலும் முத்தோடு சேர்ந்தே வருகிறது. ஊர்ப்பெயரைச் சொன்னதும் பொருளைச் சொல்லும் இந்த வழக்கம் சங்கப் பாடல்களிலும் அப்படியே இருக்கிறது. அகநானூற்றிலும் ஐங்குறுநூற்றிலும் மதுரைக்காஞ்சியிலும் கொற்கை முத்தோடும் சங்கோடும் பாண்டியனோடும் பிணைந்து நிற்கிறது. கொற்கைத் துறையில் அலை ஒதுக்கிய முத்துகள் குதிரைக் குளம்பில் உறுத்தும் என்று அகநானூற்றுப் புலவர் ஒருவர் பாடுகிறார். மதுரையில் இருந்த புலவரும் அலெக்சாண்டிரியாவில் இருந்த புவியியலாரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஊரை ஒரே பொருளால் அடையாளம் காட்டியிருக்கிறார்கள்.

இரு தரப்புச் சான்றுகளும் ஒன்றையொன்று நிரப்பவும் செய்கின்றன. குளிப்பவர்கள் கைதிகள் என்கிறார் கிரேக்க வணிகர். மதுரைக்காஞ்சி, பாண்டியனைத் தென்பரதவரின் தலைவனாகக் காட்டி, முத்தும் சங்கும் எடுக்கும் கொற்கையோரைப் பெருமையோடு பேசுகிறது. தொழில் அறிந்த ஒரு குடியின் கையில் கடல் இருந்தது என்பது தமிழ்ச் சான்று. அரசன் தன் அதிகாரத்தால் சிலரைக் கடலில் இறக்கினான் என்பது அயலார் சான்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், முத்துப் பார்கள் அரசின் நேரடிப் பிடியில் இருந்ததும், அந்தச் செல்வத்துக்கு மனித உடல் கொடுத்த விலையும் நமக்குப் புலப்படும். புலவர் பாடாத செய்தியை ஒரு வணிகரின் கணக்குக் குறிப்பு காப்பாற்றி வைத்திருக்கிறது.

இன்னொரு வழக்கும் எண்ணிப்பார்க்கத் தக்கது. இன்று மன்னார் வளைகுடா என்று இலங்கைக் கரையின் பெயரால் அழைக்கப்படும் கடல், தாலமிக்குக் கொல்கிக் வளைகுடா. எந்த ஊரின் சந்தை அந்தக் கடலை ஆண்டதோ அந்த ஊரின் பெயரைக் கடல் ஏற்றது. மேலை நாட்டு வணிகரின் கண்ணில் இக்கடலுக்கு முகவரியாக இருந்த துறை கொற்கை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளைப் பட்டியலிடும்போது தாமிரபரணியின் பெயராலும் பாண்டியரின் பெயராலும் முத்துகளைக் குறிப்பது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. வடக்கே ஆற்றின் பெயரும், மேற்கே ஊரின் பெயரும் ஒரே சரக்குக்கு அடையாளமாகின.

மண் சொல்வது

1968–69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கொற்கையில் அகழ்ந்தபோது கருப்பு சிவப்புப் பானை ஓடுகளும், தமிழ்ப் பிராமி பொறித்த ஓடுகளும், சங்கு அறுத்த கழிவுகளும் கிடைத்தன. அங்கு எடுத்த கரிமாதிரி ஒன்றின் காலம் கரிமக் கணிப்பில் கி.மு. 785 என்று வந்தது. 2021இல் ஆதிச்சநல்லூர், சிவகளையோடு சேர்த்துக் கொற்கையிலும் மீண்டும் அகழாய்வு நடந்தது. வழிப்பயண நூலை எழுதியவர் வருவதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே மனிதர் குடியிருந்தனர் என்றால், கிரேக்கர் கண்டது ஏற்கெனவே பழுத்த ஒரு பட்டினத்தை. அவர்கள் எழுத்தில் இடம்பெற்றதால் கொற்கை துறைமுகம் ஆகவில்லை. துறைமுகமாக இருந்ததால் அவர்கள் எழுத்தில் இடம்பெற்றது. இந்த வரிசையை நம் பாடநூல்கள் பலநேரம் தலைகீழாக்கிவிடுகின்றன.

இன்று கொற்கை, கடலிலிருந்து சுமார் 6 கி.மீ. உள்ளே, வயலும் குளமும் சூழ்ந்த சிற்றூர். துறை போனாலும் பெயரின் வழக்கு நிற்கவில்லை. இளங்கோவடிகள் கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டதாக எழுதினார். நம் காலத்தில் ஜோ டி குருஸ், தூத்துக்குடிப் பரதவரின் தோணி வாழ்க்கையையும் ஒரு நூற்றாண்டு வணிகத்தையும் சொல்லும் நாவலுக்குக் 'கொற்கை' என்றே பெயரிட்டார். 2013இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. துறை காயலுக்கும் தூத்துக்குடிக்கும் நகர்ந்தபோது பெயரும் நினைவில் கூடவே நகர்ந்திருக்கிறது. முத்துச் சலாபம் தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும் அந்தக் கடற்கரை முழுவதையும் ஒரே சொல்லில் கூப்பிட வேண்டுமானால் எழுத்தாளருக்கு வாயில் வருவது கொற்கைதான்.

எது தீர்க்கும்

வேர்ச்சொல் கேள்வியைத் தீர்க்கும் சான்று எப்படி இருக்க வேண்டும் என்பது தெளிவு. தமிழ்ப் பிராமியில் லகரத்துக்கும் றகரத்துக்கும் தனித்தனி வரிவடிவம் உண்டு. தமிழர் அவற்றைக் கடல் கடந்தும் பிறழாமல் எழுதினார்கள். எகிப்தின் குசேர் அல் காதிம் துறையில் கிடைத்த பானை ஓட்டில் ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்த சொல்லில் றகரம் தமிழுக்கே உரிய எழுத்தில் நிற்கிறது. இதே கவனத்தோடு தன் ஊர்ப்பெயரை ஒரு கொற்கை வணிகர் ஓர் ஓட்டில் கீறியிருந்து அது கிடைக்குமானால், லகரமா றகரமா என்பதை அந்த ஒரே ஓடு சொல்லிவிடும். தமிழக அகழாய்வுகளில் எழுத்துள்ள ஓடுகள் பெரும்பாலும் ஆதன், குவிரன் போன்ற ஆள்பெயர்களையே தருகின்றன. ஆனால் மாங்குளம் போன்ற கல்வெட்டுகளில் ஊர்ப்பெயரும் வருகிறது. ஆகவே இது வீண் எதிர்பார்ப்பு அல்ல.

அதுவரை நம் எழுத்தில் இரண்டு வேலைகளைப் பிரித்தே செய்ய வேண்டும். கொல்கோய் என்ற எழுத்துக்கூட்டைக் கொண்டு முத்து வணிகத்தின் எல்லையை, பாண்டியரின் ஆட்சிப்பிடியை, ஆற்றுமுகத்தின் பழைய இடத்தை, ஒரு கடலுக்கே பெயர் தந்த சந்தையின் வலிமையை அளக்கலாம். அந்த அளவுகோல் நம்பத்தக்கது. அதைக் கொண்டு கொல்கை என்ற மூலப்பெயரை நிறுவி, பாடநூலிலும் அருங்காட்சியகப் பலகையிலும் உறுதியாக எழுதுவது தகாது. அப்படி எழுதும்போது, கருங்கடல் மக்களுக்குக் கிரேக்கர் இட்ட பெயரைக் கொண்டு தாமிரபரணிக் கரை மக்கள் தங்கள் ஊருக்கு இட்ட பெயரைத் திருத்துகிறோம். சங்கப் புலவர் முதல் இன்று அந்த ஊர் மண்ணில் உழுபவர் வரை கொற்கை என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த அந்த வழக்கு, ஆய்வாளர் முதலில் எடுத்து நிறுத்திப் பார்க்க வேண்டிய சான்று.